மூன்று நொடி ஓடி அணைந்த ஸ்லெட்

"அண்ணே, கயிறு இழுத்து இழுத்து கை கழண்டுருச்சு. பிடிக்கவே மாட்டேங்குது."

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்த போன் இது. வெளியே மைனஸ் 26 டிகிரி. கூப்பிட்டவன் மதுரைப் பக்கத்துப் பையன். வேலைக்காக வட ஒன்டாரியோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, நிப்பிசிங் ஏரிக்கரையில் காலண்டர் என்ற ஊரில் வாடகைக்கு இருக்கிறான். இந்த ஏரி பரப்பில் பெரியது, ஆழத்தில் சின்னது. சராசரி ஆழம் ஐந்து மீட்டர்கூட இல்லை. குளிர்காலத்தில் உறைந்ததும் அதன்மேல் சின்னச் சின்ன மரக்குடில்கள் முளைத்துவிடும். உள்ளே அடுப்பைப் பற்றவைத்து, பனியில் துளை போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். குடிலுக்குப் போய்வர, பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி வேண்டும். இங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, எல்லாருக்கும் அது 'ஸ்லெட்'தான்.

நான் திருச்சியில் ஆர்எக்ஸ் 100 பிரித்து வளர்ந்தவன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் கை தானாக நீளும். அந்தக் கைப்பழக்கமே இந்த வேலையில் எனக்கு ஒன்றரை மணி நேரம் தண்டம் வைத்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வண்டியும் புகாரும்

1990களின் கடைசியில் செய்த ஸ்லெட். இரண்டு சிலிண்டர், 500 சிசி வகுப்பு, ஃபேன் காற்றில் குளிரும் எஞ்சின். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். ஆயிலுக்குத் தனி டேங்க், பெட்ரோலோடு அதுவே கலந்துகொள்ளும். பேட்டரி கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. இந்த வயதுள்ள எந்த ஸ்லெட்டுக்கும் இந்தக் கோளாறு வரும், கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பரில் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கியிருக்கிறான். அவர் வீட்டு முற்றத்தில் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்ததாம். டிசம்பரில் இரண்டு வார இறுதி ஏரியில் ஓட்டியிருக்கிறான், ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் மூன்று வாரம் ஷெட்டில் நின்றது. இப்போது பிடிக்கவில்லை.

அதற்குள் அவன் செய்த வேலைகள்: இரண்டு பிளக்கும் புதுசு மாற்றினான். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்தான். பிடிக்கவில்லை. மறுபடி கழற்றி, இந்தத் தடவை பெட்ரோல் ஏறும் சின்னத் துளைகளான ஜெட்டுகளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்த்து மாட்டினான். பிடிக்கவில்லை. டேங்கில் தண்ணீர் சேர்ந்து உறைந்திருக்குமோ என்று ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் ஊற்றினான். அதற்கும் பிடிக்கவில்லை.

"டேங்குல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன்.

"பாதிக்குக் கீழ இருக்கும்ணே. பெரியவர் ஃபுல்லா நிரப்பித்தான் குடுத்தாரு."

விடை அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது. நான் "சரி" என்று தலையாட்டிவிட்டு டூல் பாக்ஸைத் திறந்தேன்.

கரண்ட், கம்ப்ரஷன்

முதலில் பார்க்க வேண்டியவை சில்லறை விஷயங்கள். ஹேண்டில்பாரில் உள்ள சிவப்பு கில் சுவிட்ச் மேலே இருக்கிறதா? ஓட்டுபவர் உடம்போடு மாட்டிக்கொள்ளும் கயிற்று மூடி, அதாவது ஆள் விழுந்தால் எஞ்சினை அணைப்பது, சரியாக உட்கார்ந்திருக்கிறதா? இதைப் பார்க்காமல் ஐம்பது தடவை கயிறு இழுத்தவர்களை எனக்குத் தெரியும். இவன் பார்த்திருந்தான். நல்ல பையன்.

ஆனால் இன்னொன்று கவனித்தேன். கயிற்றை இழுக்கும்போது இடது கையால் கயிறு, வலது கட்டைவிரலால் ஆக்சிலேட்டர். பைக்கில் கிக்கரை உதைக்கும்போது லேசாகத் திருகுவோமே, அந்தப் பழக்கம். இந்த வகை கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு இல்லை. கூடுதல் பெட்ரோலை உறிஞ்சும் ஒரு தனிப்பாதை. ஆக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் அந்தப் பாதையில் உறிஞ்சும் வேகம் இருக்கும். கட்டைவிரலை வைத்தால் சோக் இழுத்தும் இழுக்காத மாதிரிதான். கையை எடுக்கச் சொன்னேன். பத்து இழுப்பு. ஒன்றுமில்லை.

பிளக்கைக் கழற்றிக் கரண்ட் வருகிறதா பார்த்தோம். பட்டப்பகலில், சுற்றிலும் பனி வெளுப்பில், பிளக்கின் பொறி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கரண்ட் இல்லை என்று முடிவுகட்டி விலை கூடிய காயிலை மாற்றியவர்களும் உண்டு. ஜாக்கெட்டைக் கழற்றி எஞ்சின்மேல் கூடாரம் மாதிரி போர்த்தி, தலையை உள்ளே விட்டு, பிளக்கை சிலிண்டர் ஹெட்டின் உலோகத்தில், துளையிலிருந்து தள்ளி வைத்து அவனை இழுக்கச் சொன்னேன். நீலப் பொறி, டிக் டிக் என்று சத்தத்தோடு. இரண்டு பக்கமும்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம். பிளக் இரண்டையும் கழற்றி, ஒயர் இரண்டையும் பாடியில் எர்த் பண்ணி, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து, பிளக் துளையில் மாட்டிய அழுத்தமானியின் முள் நிற்கும்வரை இழுக்க வேண்டும். ஒரு பக்கம் 122 பிஎஸ்ஐ, மறுபக்கம் 120. இந்தக் குளிரில் பழைய ஃபேன் எஞ்சினுக்கு இது தாராளம். நூறுக்குக் கீழே போயிருந்தாலோ, இரண்டுக்கும் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோதான் பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர் தேய்ந்ததோ என்று கவலைப்பட வேண்டும்.

கழற்றிய பிளக்குகளைத் தொட்டுப் பார்த்தேன். சோக்கில் இருபத்தைந்து இழுப்பு இழுத்த வண்டி. பிளக் நனைந்து வழிய வேண்டும். இரண்டும் கடையில் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி காய்ந்து கிடந்தன.

மூன்று நொடி

சின்னப் பாட்டிலில் 50:1 ஆயில் கலந்த பெட்ரோல் கொண்டுபோயிருந்தேன். சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் விட்டு, பிளக்கை மாட்டி, இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் உறுமிக்கொண்டு பிடித்தது. நீலப் புகை. ஒன்று, இரண்டு, மூன்று. அணைந்துவிட்டது.

(ஈதர் ஸ்ப்ரேயை டூ-ஸ்ட்ரோக்கில் அடிக்காதீர்கள். சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பெட்ரோல்-ஆயில் கலவையே போதும்.)

பையன் முகம் தொங்கிவிட்டது. "பாத்தீங்களா, இப்படித்தான்ணே. உயிர் வந்து உயிர் போகுது."

எனக்கு அது நல்ல சேதி. ஊற்றிய பெட்ரோலில் ஓடியது என்றால் கரண்ட் சரி, டைமிங் சரி, கம்ப்ரஷன் சரி. ஊற்றியது தீர்ந்ததும் அணைந்தது என்றால் தானாக வரவேண்டிய பெட்ரோல் வரவில்லை. வண்டியின் பாதிக்கு மேல் அந்த மூன்று நொடியில் சந்தேகத்திலிருந்து கழிந்துவிட்டது.

"அப்ப கார்புரேட்டர்தான். நாளைக்கு மறுபடி கழட்டுறேன்" என்றான்.

கழற்ற வேண்டாம், அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டை மட்டும் திற என்றேன். கார்புரேட்டரின் கிண்ணத்தில் எப்போதும் பெட்ரோல் நிற்க வேண்டும். வலது பக்கம் நாலு சொட்டு விழுந்தது. இடது பக்கம் அதுவும் இல்லை. ஜெட் அடைத்திருந்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். ஜெட் வழியாக ஏறாமல் கிண்ணத்தில் தேங்கியிருக்கும். இங்கே கிண்ணமே காலி. மிதவையின் ஊசி ஒட்டிக்கொண்டு வழியை அடைத்திருக்கலாம் என்று ஒரு வாய்ப்பு மிச்சம். கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைப் பிடுங்கி ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு இழுத்தோம். பாட்டில் காலியாகவே இருந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு தடவை அவன் சுத்தம் செய்ததும் பழுதில்லாத பொருளைத்தான்.

நான் செய்த தப்பு

பைக்கில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. டேப்பைத் திறந்தால் பெட்ரோல் தானே இறங்கும். அதனால் நம் ஊர் மெக்கானிக் மூளையில் பெட்ரோல் பிரச்சினை என்றால் கார்புரேட்டர், அல்லது டேப்பில் தூசி. அவ்வளவுதான். ஸ்லெட்டில் டேங்க் சீட்டுக்கு முன்னால் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் இறங்காது, ஏற வேண்டும். ஏற்றுவதற்கு உள்ளங்கை அளவு பம்ப் ஒன்று இருக்கிறது. அதற்கு மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் காற்று இறுகித் தளர்கிறதல்லவா, அந்தத் துடிப்பை ஒரு சின்ன ஹோஸ் பம்புக்குக் கொண்டுவரும். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு அந்தத் துடிப்புக்கு ஆடும். ஆட ஆட, டேங்கிலிருந்து உறிஞ்சி இரண்டு கார்புரேட்டருக்கும் தள்ளும்.

சரி, பம்ப் தள்ளவில்லை. என் பெட்டியில் புது பம்ப் ஒன்று இருந்தது. கையில் பம்ப் இருந்ததால் சந்தேகமும் பம்ப்மேலேயே போனது. துடிப்பு ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அப்படியானால் சவ்வுதான் கிழிந்திருக்கும் என்று முடிவுகட்டினேன். ஃபேன் மூடியைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, பெட்ரோல் பட்ட விரல் சுரீரென்று மரத்துப்போக, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சமையலறைக்குள் ஓடிக் கையைச் சூடு காட்டி, ஒன்றரை மணி நேரத்தில் பம்பை மாற்றினேன். (ஷெட்டில் ஹீட்டர் வைக்கலாமா என்று கேட்டான். திறந்த பெட்ரோல் பக்கத்திலா? கூடாது.)

முப்பது இழுப்பு. பாட்டில் காலி.

காபி குடித்தோம். ஜன்னல் வழியாக, ஏரியின்மேல் மீன்பிடிக்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய பாம்பார்டியர் வண்டி போனது. பக்கவாட்டில் வட்ட ஜன்னல்கள் வைத்த, வண்டு மாதிரியான உருவம், முன்னால் ஸ்கீ, பின்னால் பட்டைச் சங்கிலி. 1940களில் வந்த மாடல்கள் இந்த ஏரியில் இன்னமும் ஆள் ஏற்றுகின்றன. கியூபெக்கில் வால்கோர்ட் என்ற ஊரின் ஜோசப்-அர்மான் பாம்பார்டியருக்கு 1934இல் இரண்டு வயது மகன் இறந்துபோனான். பனி மூடிய சாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்த ஆள் செய்த வண்டிகளின் வழியில்தான் 1959இல் ஸ்கீ-டூ வந்தது, அதன் வழியில் இன்றைய ஸ்லெட்டுகள் பலவும். எண்பது வயது வண்டி ஓடுகிறது, இருபத்தைந்து வயது வண்டி நிற்கிறது என்று பையன் புலம்பினான்.

அப்போதுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை நினைவுக்கு வந்தது. பம்புக்கு வரும் ஹோஸை டேங்கிலிருந்து துண்டித்து, வேறொரு நல்ல ஹோஸ் மாட்டி, அதன் மறுமுனையை ஒரு பெட்ரோல் டப்பாவுக்குள் விட வேண்டும். டப்பாவை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். சீட்மேல் வைத்தால் பெட்ரோல் சைஃபன் மாதிரி தானே இறங்கிவிடும். பம்ப் செத்திருந்தாலும் வண்டி ஓடும், நாம் ஏமாந்துபோவோம். கால் வைக்கும் பலகையில், கார்புரேட்டருக்குக் கீழே வைத்தோம்.

எட்டாவது இழுப்பில் பிடித்தது. மூன்று நொடி போனது, பத்து நொடி போனது. ஒரு நிமிடம் ஓடவிட்டு நானே அணைத்தேன்.

பம்ப், துடிப்பு, கார்புரேட்டர் எல்லாம் சரி. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழ நீளம்தான் பாக்கி. அதில் பாதி டேங்குக்குள் இருக்கிறது.

டேங்குக்குள்

பெட்ரோல் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, டேங்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஹோஸ் முனையில் ஒரு சுத்தமான குழாயைச் செருகி ஊதினேன். ஊதுகிற காற்று டேங்கின் அடியில் வடிகட்டி வழியாக வெளியேறி குமிழி விட வேண்டும். குடத்துக்குள் ஸ்ட்ரா வைத்து ஊதினால் வரும் அந்தக் குளக் குளக் சத்தம். வந்தது வெறும் 'ஸ்ஸ்'. பெட்ரோல் மட்டத்துக்கு மேலேயே காற்று எங்கோ வெளியேறுகிறது.

ஹோஸ் டேங்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். மழுங்கலான ஸ்க்ரூ டிரைவரால் அதை நெம்பி, ஹோஸை மெதுவாக வெளியே உருவினேன். டேங்குக்குள் ஹோஸ் தொளதொளவென்று இருந்தால்தான் அடியில் உள்ள கனமான வடிகட்டி பெட்ரோல் சாயும் பக்கமெல்லாம் போய் உறிஞ்சும். இது பிளாஸ்டிக் கூடை ஒயர் மாதிரி விறைத்து, கோந்து நிறத்தில் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ரப்பர் வளையத்துக்கு நாலு விரல் கீழே, வளைவு இருந்த இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மடக்கினேன். கட்டைவிரல் நகம் நீளத்துக்கு ஒரு பிளவு, மீன் வாய் மாதிரி திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது.

"இதுதானா?" என்றான் பையன். "இத்தனூண்டா?"

நவம்பரில் டேங்க் நிரம்பியிருந்தது. பிளவு பெட்ரோலுக்குள் மூழ்கியிருந்ததால் ஹோஸ் உறிஞ்சியது எல்லாம் பெட்ரோல்; பிளவு வழியாக வந்ததும் பெட்ரோல்தான். இரண்டு வார இறுதி ஓடி மட்டம் பாதிக்குக் கீழே இறங்கியதும் பிளவு காற்றில் நின்றது. அடியிலிருந்து பெட்ரோலைத் தூக்குவதைவிடப் பக்கத்தில் இருக்கும் காற்றை உறிஞ்சுவது எளிது. பம்ப் அதைத்தான் செய்தது. புது பம்பும் அதைத்தான் செய்தது. மைனஸ் 26இல் ஹோஸ் சுருங்கி விறைத்து, பிளவு இன்னும் கொஞ்சம் வாய் திறந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஹோஸ் இப்படி விறைப்பதற்கு வயது ஒரு காரணம், பெட்ரோலில் கலக்கும் எத்தனால் இன்னொன்று. ஒன்டாரியோவில் சாதாரண பெட்ரோலில் சராசரியாக 10 சதவீதம் எத்தனால் சேர்க்க வேண்டும் என்று 2020இல் விதி வந்தது. பழைய ஹோஸ்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் பையன் ஆல்கஹால் ஊற்றியது பைத்தியக்காரத்தனம் இல்லை. இந்தத் தடவை நோய் அது இல்லை, அவ்வளவுதான்.

"அப்ப ஃபுல் டேங்க் அடிச்சிருந்தா ஸ்டார்ட் ஆகியிருக்குமா?"

ஆகியிருக்கும். அடுத்த வாரம் மட்டம் இறங்கியதும் ஏரி நடுவில் நின்றிருக்கும். அதைவிட மோசமானதும் நடந்திருக்கலாம். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் சூட்டை உள்ளே வரும் பெட்ரோலும் கொஞ்சம் தணிக்கிறது. பிளவு இன்னும் சின்னதாக இருந்து, பாதிக் காற்றும் பாதிப் பெட்ரோலுமாக வண்டி ஓடியிருந்தால், முழு வேகத்தில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். தலையில் ஓட்டையே விழலாம். அடியோடு பிடிக்காமல் நின்றது நல்லதாகப் போனது.

மாற்றியது

கடையில் ஹோஸ் கேட்கும்போது டேங்குக்குள் போடுவதற்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும்படி செய்தது. வெளிப்பக்கமும் நாள் முழுக்க ஊறினால் உப்பி உதிரும். உள்ளும் புறமும் தாங்கும் ரகம் தனியாக உண்டு, விலை கொஞ்சம் கூட. இரண்டு மீட்டர் வாங்கினோம். ரப்பர் வளையமும் புதுசு. வடிகட்டி சுத்தமாக இருந்தது, ஆனாலும் கையோடு மாற்றிவிட்டேன், டேங்கை மறுபடி திறக்க எனக்கு ஆசையில்லை. ஹோஸ் முனையைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும், கிரீஸ் எதுவும் தடவாமல் வடிகட்டியில் ஏறிவிடும்.

டேங்கில் பெட்ரோல் சேர்க்கவில்லை. பாதிக்குக் கீழே இருக்கும்போதே பிடித்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். காலி ஹோஸில் பெட்ரோல் ஏறப் பன்னிரண்டு இழுப்பு ஆனது. பதின்மூன்றாவதில் பிடித்து, சோக்கை மெல்ல மெல்ல விட்டதும் ஒரே சீராக நின்றது. வண்டியை நகர்த்தும் அடிப்பட்டை தரையில் உறைந்து ஒட்டியிருந்ததால் பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டு விடுவித்தோம்; அதைச் செய்யாமல் ஆக்சிலேட்டரை அழுத்தினால் டிரைவ் பெல்ட் கருகும். ஏரிக்கரையோரம் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றினேன். இரண்டும் பால் கலந்த காபி நிறம், பெட்ரோல் சரியாக எரிகிறது.

மார்ச் கடைசிவரை ஓட்டினான். கால் டேங்கிலும் மூன்றாவது இழுப்புக்குள் பிடித்துவிடுகிறது. ஏப்ரலில் பனி போனதும் மற்ற ஹோஸ்களையும் துடிப்பு ஹோஸையும் சேர்த்து மாற்றினோம். அவையும் அதே வயதுதான்.

பம்புக்கு எவ்வளவு என்று கேட்டுப் பணம் கொண்டுவந்தான். வாங்கவில்லை. அவன் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பம்ப் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. பிரித்துப் பார்த்தேன், சவ்வில் ஒரு கீறல்கூட இல்லை.